முப்பது வருஷமாகச் சும்மா கிடக்கும் தொழிற்சாலை மண்டல நிலம்: பேரூராட்சி என்ன செய்யலாம்?

கோவைக்குக் கிழக்கே ஒரு பேரூராட்சியில் இருந்து நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஊர் எல்லையில் 80 ஏக்கர். 1994 மாஸ்டர் பிளானில் தொழிற்சாலை மண்டலம் என்று ஊதா நிறம் அடித்த இடம். முப்பது வருஷத்தில் ஒரு செங்கல்கூட அங்கே வைக்கவில்லை, சீமைக்கருவேலம்தான் வளர்ந்திருக்கிறது. இப்போது அதைக் குடியிருப்பு மண்டலமாக மாற்ற மன்றத்தில் தீர்மானம் போடப் பேச்சு நடக்கிறது. மனை போட்டால் வரி வரும் என்கிறார் ஒரு கவுன்சிலர். நம் பிள்ளைகளுக்கு வேலை வேண்டாமா என்கிறார் இன்னொருவர். இதில் பேரூராட்சிக்கு அதிகாரம் உண்டா, இருந்தால் எந்தப் பக்கம் சரி? இதுதான் கேள்வி.

கேட்டது இரண்டு வரி என்றாலும் உள்ளே மூன்று கேள்விகள் இருக்கின்றன. முடிவெடுப்பது யார்? எவ்வளவு காலம் காத்திருந்த பிறகு ‘இனி போதும்’ என்று சொல்லலாம்? மூன்றாவதை அவர் கேட்கவில்லை, ஆனால் முதலில் கேட்டிருக்க வேண்டியது அதுதான்: அந்த நிலம் ஏன் காலியாகக் கிடக்கிறது? நான் நகர் ஊரமைப்புத் துறையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்த மாதிரி கோப்புகள் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த 80 ஏக்கரைப் பார்த்ததில்லை. அதனால் சட்டத்தில் உறுதியாக இருப்பதை உறுதியாகவும், என் அனுபவத்தில் தோன்றுவதை அப்படியே சொல்லியும் எழுதுகிறேன்.

முதலில் அதிகாரம். மண்டல நிறம் என்பது 1971-ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி ஒப்புதலான வரைபடத்தில் இருப்பது. பேரூராட்சி மன்றம் கூடித் தீர்மானம் போட்டதும் ஊதா, குடியிருப்பைக் குறிக்கும் மஞ்சளாகிவிடாது. விண்ணப்பம் அந்தப் பகுதியின் நகரமைப்பைப் பார்க்கும் திட்டக் குழுமத்துக்குப் போய், ஆய்வாகி, அறிவிப்பு வந்து, ஆட்சேபம் கேட்டு, மேலே ஒப்புதலாகி, அரசிதழில் வந்த பிறகுதான் மாற்றம். ஆனால் கோப்பு நகர வேண்டுமென்றால் உள்ளாட்சியின் தீர்மானம் அதில் இருக்க வேண்டும் என்பது நடைமுறை. 1992-இல் வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு ஒப்படைக்கலாம் என்று 18 பொருள்களைப் பன்னிரண்டாவது அட்டவணையில் வைத்தது. அந்தப் பட்டியலில் முதலாவது நகரமைப்பு, இரண்டாவது நிலப் பயன்பாட்டை ஒழுங்குபடுத்துவது. ‘ஒப்படைக்கலாம்’ என்ற சொல்லில்தான் எல்லாம் தொங்குகிறது. மாநிலங்கள் முழுசாக ஒப்படைக்கவில்லை, தமிழ்நாடும் அப்படித்தான். ஆகவே உங்கள் மன்றத்துக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை, முடிவை வடிவமைக்கும் வாய்ப்பு உண்டு. வெறும் ‘மன்றத்துக்கு ஆட்சேபணை இல்லை’ என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் அந்த வாய்ப்பு அன்றைக்கே போய்விடும். நான் பார்த்த ஒரு ஊரில் தீர்மான வாசகமே மனை போடுகிறவரின் ஆபீஸில் தட்டச்சாகி வந்திருந்தது. சர்வே எண்கள்கூட அவர் வாங்கிய வரிசையில் இருந்தன.

இதோடு ஒட்டி இரண்டு தவறான நம்பிக்கைகள் ஊருக்கு ஊர் உலவுகின்றன. ஒன்று, மூன்று வருஷம் எதுவும் செய்யாவிட்டால் நிலம் தானாக விடுபட்டுவிடும் என்பது. நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38-ஆவது பிரிவு அப்படிச் சொல்வது உண்மை. ஆனால் அது சாலைக்கு, பூங்காவுக்கு, பள்ளிக்கு என்று பிளானில் ஒதுக்கி வைத்துவிட்டுக் கையகப்படுத்தாமல் விட்ட நிலத்துக்கு. உங்கள் நிலத்தை யாரும் எடுத்துக்கொள்வதாக ஒதுக்கவில்லை. என்ன பயன்பாட்டுக்கு அனுமதி என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். வகைப்பாடு முப்பது வருஷமானாலும் காலாவதியாகாது. இன்னொன்று, ஐந்து வருஷம் பயன்படுத்தாவிட்டால் நிலத்தை விவசாயிக்குத் திருப்பித் தர வேண்டும் என்பது. இது 2013 மத்திய நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் 101-ஆவது பிரிவு. அரசு கையகப்படுத்திய நிலத்துக்குத்தான் அது பேசும், அதிலும் பழைய உடைமையாளருக்கு அல்லது அரசின் நில வங்கிக்கு என்று இரண்டு வழி வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. மாநில அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் பெரும்பாலும் 1997-ஆம் ஆண்டுத் தொழில் நோக்க நில எடுப்புச் சட்டத்தின்படி நிலம் எடுக்கிறது. அந்தச் சட்டத்தை மத்தியச் சட்டத்தின் பிடியில் இருந்து விலக்கி வைத்த மாநிலத் திருத்தத்தை 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதே வருஷம் அரசு புதுச் சட்டம் போட்டு மீட்டது, 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்தப் புதுச் சட்டத்தை ஏற்றது. மேற்கு வங்கத்தின் சிங்கூரில், கார் ஆலைக்காக எடுத்த நிலத்தின் வழக்கில், 2016-இல் உச்ச நீதிமன்றம் ஆயிரம் ஏக்கருக்குச் சற்றுக் குறைவான நிலத்தை விவசாயிகளிடம் திருப்பித் தரச் சொன்னதை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். அங்கே கையகப்படுத்திய முறையே சட்டப்படி இல்லை என்பதுதான் தீர்ப்பின் அடிப்படை. ‘காலியாகக் கிடந்தது’ என்பதற்காகக் கொடுத்ததில்லை.

சரி, உங்கள் 80 ஏக்கர் பட்டா நிலம், தனியார் கையில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். கேள்வியின் தொனி அப்படித்தான் இருக்கிறது. அது ஏன் காலி? மன்றத்தில் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: ‘தொழில் எதுவும் வரவில்லை சார், நம்ம ஊருக்கு வராது.’ முப்பது வருஷம் காலியாகக் கிடந்ததே இதற்கு ஆதாரம் என்று நினைக்கிறார்கள். எனக்கு இந்த இடத்தில்தான் சந்தேகம் வரும்.

உங்கள் பக்கத்தில் தொழிலுக்கு நிலம் தேடுகிறவர்கள் இல்லாமல் இல்லை. கோவைச் சிறு தொழில்களின் சங்கமான கொடிசியாவைச் சேர்ந்த சிறு தொழில்முனைவோர் தாங்களே பணம் போட்டு நிலம் வாங்கி, கள்ளப்பாளையத்திலும் மோப்பிரிபாளையத்திலும் தொழிற்பூங்கா அமைத்தார்கள். சும்மா கிடக்கிற ஊதா நிலம் மாவட்டத்தில் அத்தனை இருக்கும்போது இவர்கள் ஏன் தனியாக நிலம் தேடிப் போனார்கள்? விலை ஒரு காரணம். நிலக்காரர் மனத்தில் இருக்கும் விலை தொழிற்சாலை நிலத்தின் விலையாக இருக்காது. என்றைக்கோ ஒருநாள் மஞ்சளாகும், அன்றைக்குச் சென்ட் கணக்கில் விற்கலாம் என்று அவர் நினைக்கிற விலை அது. லேத் பட்டறை வைக்க அரை ஏக்கர் கேட்டு வருகிறவரால் அந்த விலையைக் கொடுக்க முடியாது. அவர் போய்விடுவார். நிலம் காலியாகவே இருக்கும். பத்து வருஷம் கழித்து, ‘பாருங்கள், யாரும் வரவில்லை’ என்று அதையே காரணம் காட்டி மாற்றக் கேட்பார்கள். மண்டலம் மாறும் என்ற நம்பிக்கைதான் பல இடங்களில் நிலத்தைக் காலியாக வைத்திருக்கிறது. நிலக்காரரைக் குற்றம் சொல்லி இதை எழுதவில்லை. பக்கத்துச் சர்வே எண் மாறியதைக் கண்ணால் பார்த்தவர் காத்திருக்கத்தான் செய்வார்.

விலையைத் தவிர, நான் திரும்பத் திரும்பப் பார்த்த காரணங்கள் ரொம்பச் சாதாரணமானவை. வழி இல்லாமை முதலாவது. மெயின் ரோட்டில் இருந்து நிலத்துக்குப் போகிற தடம் 20 அடி இருக்கும், அதில் ஒரு வளைவு இருக்கும், அந்த வளைவில் 40 அடி கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் திரும்பாது. 1994-இல் மினி லாரிக்குப் போதுமாக இருந்த தடம் இன்றைக்கு எந்த ஏற்றுமதிக்காரருக்கும் ஆகாது. இரண்டாவது மின்சாரம். உயர் அழுத்த இணைப்புக்குக் கம்பம் நட்டு லைன் இழுக்கிற செலவை முதலில் வருகிறவர் தலையில் கட்டினால் முதல் ஆள் வரவே மாட்டார். எல்லோரும் இரண்டாவதாக வரத்தான் காத்திருப்பார்கள். மூன்றாவது, பட்டா. 80 ஏக்கர் என்று ஒரே நிறத்தில் வரைபடத்தில் தெரிவது கிராமக் கணக்கில் நாற்பது உட்பிரிவாக, அதில் பாதி கூட்டுப் பட்டாவாக இருக்கும். பாகப்பிரிவினை வழக்கு ஒன்றாவது ஓடும். தொழிற்சாலைக்கு வங்கிக் கடன் கொடுப்பவர் வில்லங்கச் சான்றைப் பார்த்ததும் கோப்பை மூடிவிடுவார்.

நான்காவது காரணம், சொல்லக் கொஞ்சம் கூச்சம்தான். அந்த நிறத்தை அடித்ததே யோசிக்காமல் அடித்திருக்கலாம். அந்தக் காலத்தில் மேஜைமேல் டிரேசிங் தாளை விரித்து, பக்கத்தில் ஒரு ஸ்பின்னிங் மில் இருக்கிறது, எனவே இந்தப் பக்கம் முழுக்கத் தொழில் என்று வண்ணம் தீட்டிய பிளான்கள் உண்டு. நானே இளநிலையில் இருந்தபோது அப்படித் தீட்டியிருக்கிறேன். உங்களுடையது அந்த வகை என்றால் மாற்றுவதில் தவறே இல்லை. எந்த வகை என்று உங்கள் ஊர்க்காரர்களால்தான் கண்டுபிடிக்க முடியும், கோயம்புத்தூரில் உட்கார்ந்திருக்கிற அதிகாரியால் முடியாது.

பெரிய அளவிலும் இதே கதைதான். சிறப்புப் பொருளாதார மண்டலங்களைப் பற்றி மத்தியக் கணக்குத் தணிக்கையாளர் 2014-இல் தந்த அறிக்கையில், நாடு முழுக்க அறிவிக்கப்பட்ட 45,635 ஹெக்டேரில் 28,488 ஹெக்டேரில்தான் செயல்பாடு தொடங்கியிருந்தது, அதாவது 62 சதவீதம். சில டெவலப்பர்கள் அந்த நிலத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கியதையும் அது சுட்டிக் காட்டியது. திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் இதற்கென ஒதுக்கிய ஏறத்தாழ 2,500 ஏக்கரில் பெரும்பகுதி வருஷக்கணக்கில் சும்மா கிடந்ததைத் தென் மாவட்டத்துக்காரர்கள் அறிவார்கள். ஆனால் காத்திருந்தது வீண் என்று எல்லா இடத்திலும் சொல்லிவிட முடியாது. ஸ்ரீபெரும்புதூரில் 2014 நவம்பரில் நோக்கியா கைபேசி ஆலை நின்றபோது அந்த இடத்தின் கதை முடிந்தது என்று பேசினார்கள். ஐந்து வருஷம் கழித்து, சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது. அது கட்டிடமும் மின்சாரமும் நெடுஞ்சாலைப் போக்குவரத்தும் உள்ள இடம், உங்கள் கருவேலங்காட்டுக்கு நேர் ஒப்புமை ஆகாது. காலம் என்ற ஒன்றை மட்டும் அளவுகோலாக வைக்க முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்படியானால் எதை அளவுகோலாக வைப்பது? இங்கிலாந்தில் 2012-இல் வந்த தேசியத் திட்டமிடல் கொள்கை, வேலைவாய்ப்புக்கென ஒதுக்கிய இடத்தில் அந்தப் பயன்பாடு வருவதற்கு நியாயமான வாய்ப்பு இல்லையென்றால் அதை நெடுங்காலம் பிடித்து வைக்கக் கூடாது என்றது. அந்த வாய்ப்பு இல்லை என்பதை எப்படிக் காட்டுவது? அங்கே பல கவுன்சில்கள், நியாயமான தொழில் விலையில் இத்தனை மாதம் விற்பனைக்கோ வாடகைக்கோ விளம்பரம் செய்தோம், யாரும் வரவில்லை என்ற சான்றைக் கேட்கின்றன. எனக்கு இது பிடித்த யோசனை. நம்மிடம் இப்படி ஒரு விதி இல்லை, ஆனால் மன்றம் கேட்கக் கூடாது என்று எந்த விதியும் தடுக்கவும் இல்லை. எத்தனை பேர் நிலம் கேட்டு வந்தார்கள், என்ன விலை சொன்னீர்கள், ஏன் முடியவில்லை என்று நிலக்காரர்களிடம் எழுத்தில் வாங்குங்கள். மூன்று பேர் கேட்டு வந்து விலையில் முறிந்தது என்றால் பிரச்சினை மண்டலத்தில் இல்லை. ஒருவரும் வரவில்லை, வந்தவர்களும் ரோட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள் என்றால் அது வேறு.

அதே இங்கிலாந்தின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். லண்டனில் 2010-க்கும் 2015-க்கும் நடுவே வருஷத்துக்குச் சுமார் 37 ஹெக்டேர் தொழில் நிலத்தை விடுவிக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். நிஜத்தில் வருஷத்துக்கு நூறு ஹெக்டேருக்கு மேல் போய்விட்டது. பிறகு கிடங்குக்கும் பட்டறைக்கும் இடமில்லாமல் வாடகை ஏறி, இனி நிகர இழப்பே கூடாது என்று வரைவுத் திட்டத்தில் எழுத வேண்டி வந்தது. வீடு கட்டிய நிலம் திரும்ப ஊதாவுக்கு வராது. நான் வேலை பார்த்த வருஷங்களில் அப்படி ஒரு கோப்புகூடப் பார்த்ததில்லை.

மனை போட்டால் என்ன ஆகும் என்பதையும் ஒரு காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். 80 ஏக்கரில் உள் சாலைக்கு 20 ஏக்கர் போகும் என்று வையுங்கள். 2019 ஒருங்கிணைந்த கட்டிட விதிகளின்படி, இவ்வளவு பெரிய மனைப்பிரிவில் சாலை போக மிச்சத்தில் 10 சதவீதம் திறந்தவெளியாகத் தானப் பத்திரம் மூலம் வர வேண்டும், அது 6 ஏக்கர். மிச்சம் 54 ஏக்கர். சராசரி மனை 1,500 சதுர அடி என்றால் ஏறத்தாழ 1,570 மனை. வீட்டுக்கு நாலு பேர் என்றால் ஆறாயிரத்துக்கு மேல் ஜனம். ஆளுக்கு 135 லிட்டர் என்ற நகர்ப்புற அளவில் நாளைக்கு எட்டரை லட்சம் லிட்டர் தண்ணீர். உங்கள் பேரூராட்சிக்கு இன்றைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் வருகிறது? செயல் அலுவலரைக் கேட்டால் சொல்லிவிடுவார். அந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துவிட்டு ‘வரி வரும்’ என்ற பேச்சைத் தொடருங்கள். மனை விற்றவர் போன பிறகு தெருவிளக்கும் சாக்கடையும் குப்பையும் மன்றத்தின் பொறுப்பு. பத்து வருஷத்துக்குப் பாதி மனை வீடு கட்டாமல்தான் கிடக்கும், முதலீட்டுக்கு வாங்கியவர்கள் கட்ட மாட்டார்கள். அந்தக் காலத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக உள்ள வீடுகளுக்கு முழுத் தெருவுக்கும் குழாய் போட வேண்டியிருக்கும். காலிமனை வரி என்று ஒன்று உண்டு, அதை ஒழுங்காக வசூலித்தால் கொஞ்சம் ஈடாகும். பல ஊர்களில் வசூலிப்பதில்லை.

அப்புறம் அண்டை வீட்டுத் தகராறு. ஊதா மண்டலத்தின் ஓரத்தில் இப்போதே ஃபவுண்டரியோ (உலோக வார்ப்பாலை) சைசிங்கோ (நூலுக்குக் கஞ்சி போடும் ஆலை) ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். நான் பொறுப்பில் இருந்த ஒரு பகுதியில் நாலைந்து ஃபவுண்டரிகளுக்குப் பின்புறம் இருந்த காலி ஊதா நிலம் மஞ்சளானது. வீடு வந்த மூன்றாவது வருஷம் புகை, சத்தம் என்று மனு. வந்தவர்கள் சொன்னதில் பொய் இல்லை, துணி காயப் போட்டால் கரி படிந்தது. ஃபவுண்டரிக்காரர்கள் சொன்னதும் பொய் இல்லை, அவர்கள் அங்கே இருபது வருஷமாக இருந்தவர்கள். கடைசியில் இரண்டு ஆலை இடம் மாறின, மற்றவை மூடின. காலி நிலத்தை மாற்றியபோது ஓடிக்கொண்டிருந்த தொழிலும் சேர்ந்து போனது. கோப்பில் இதற்கு ஒரு வரிகூட இல்லை, நான் எழுதிய ஆய்வுக் குறிப்பு உட்பட.

‘சும்மா கிடக்கிற நிலம்’ என்ற பேச்சையும் அப்படியே ஏற்காதீர்கள். அ-பதிவேட்டையும் (கிராமத்தின் நிலப் பதிவேடு) புலப்படத்தையும் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) கையில் வைத்துக்கொண்டு ஒருநாள் காலையில் நடந்து பாருங்கள். பட்டா நிலத்துக்கு நடுவே வண்டிப்பாதை, ஓடைப் புறம்போக்கு, மேய்ச்சல் புறம்போக்கு என்று துண்டு துண்டாக இருக்கும். ஆடு மேய்க்கிறவர் இருப்பார், விறகு வெட்டுகிறவர் இருப்பார். ஓடை தரையில் தெரியாமல் மூடியிருந்தாலும் புலப்படத்தில் இருக்கும். புறம்போக்கு எந்த நிறத்தில் இருந்தாலும் புறம்போக்குதான், மண்டல மாற்றம் அதைப் பட்டா ஆக்காது. இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

இனி மன்றம் என்ன செய்யலாம். முதல் வேலை, கோவைக்கு 2041-ஐ இலக்காக வைத்துத் தயாரான புதிய மாஸ்டர் பிளானில் உங்கள் சர்வே எண்கள் என்ன நிறத்தில் இருக்கின்றன என்று பார்ப்பது. பழைய 1994 வரைபடத்தை வைத்துக்கொண்டே சண்டை போட்ட மன்றங்களை எனக்குத் தெரியும். மாஸ்டர் பிளானை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மறுஆய்வு செய்யலாம் என்று சட்டம் சொன்னாலும் அந்த 1994 பிளானே கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடியது. அதனால்தான் ஊர் ஊராகச் சர்வே எண் வாரியாகத் தனித்தனி மாற்றங்கள் குவிந்தன. ஒரு துண்டை மட்டும் மாற்றுவதைவிட 80 ஏக்கருக்கும் சேர்த்து ஒரு விரிவான அபிவிருத்தித் திட்டம் கேட்பது நல்லது. சாலை எங்கே, ஓடை எங்கே, எந்தப் பக்கம் தொழில், எந்தப் பக்கம் வீடு என்று ஒரே தாளில் வரும்.

முழுக்க ஊதா, முழுக்க மஞ்சள் என்ற இரண்டு வழிதான் என்றும் நினைக்க வேண்டாம். மெயின் ரோட்டுக்கும் ஏற்கெனவே ஓடுகிற ஆலைகளுக்கும் பக்கத்தில் உள்ள பாதியைத் தொழிலுக்கு வைத்துக்கொண்டு, ஊரை ஒட்டிய பாதியை விடலாம். நடுவில் அந்த 10 சதவீதத் திறந்தவெளியையும் அகலமான சாலையையும் போட்டுப் பிரிக்கலாம். பூங்காவை மூலையில் உதவாத துண்டாகத் தள்ளிவிடுவது மனை போடுகிறவர்களின் வழக்கம், எங்கே வேண்டும் என்று மன்றம் முதலிலேயே எழுதிவிட்டால் தப்பலாம். ஊதா என்றதும் சாயப்பட்டறை என்று பயப்படவும் தேவையில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை வகைப்பாட்டில் வெள்ளையும் பச்சையும் மாசு குறைந்தவை. அந்த வகைத் தொழில்களை மட்டும் இந்தப் பகுதிக்குக் கேட்கிறோம் என்று தீர்மானத்தில் சேர்க்கலாம்.

குஜராத்தில் 1976 சட்டத்தின்படி செய்கிற நகரமைப்புத் திட்ட முறையும் யோசிக்கத் தக்கது. நிலக்காரர்கள் எல்லோரும் தங்கள் நிலத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து, சாலை வசதியோடு சதுரமான சிறிய மனையாகத் திரும்பப் பெறுவார்கள். நாற்பது உட்பிரிவுச் சிக்கலுக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை. ஆனால் எல்லோரையும் ஒரே மேஜையில் உட்கார வைக்க ஊரில் ஒரு நம்பிக்கையான ஆள் வேண்டும், சட்டம் அந்த ஆளைத் தராது.

தீர்மானத்தின் வாசகத்தில் நிபந்தனை எழுதுங்கள் என்று நான் சொன்னால், அது செல்லுமா என்று கேட்பீர்கள். இங்கே உறுதி குறைகிறது. மன்றத்தின் நிபந்தனை திட்டக் குழுமத்தைக் கட்டுப்படுத்தாது, அவர்கள் அதைத் தள்ளிவிட்டு மேலே அனுப்பலாம். ஆனால் கோப்பில் எழுத்தில் இருக்கிற ஆட்சேபத்துக்குப் பதில் எழுதாமல் போவது அவர்களுக்குச் சங்கடம். பிற்பாடு யாராவது ரிட் மனு போட்டால் அந்தத் தாள் பேசும். ‘அணுகுசாலை இத்தனை அடி ஆகும்வரை மாற்றம் வேண்டாம்’, ‘தண்ணீருக்கு ஆதாரம் காட்டும்வரை வேண்டாம்’ என்பது மாதிரி அளந்து சொல்லும் நிபந்தனைக்கு மதிப்பு உண்டு. ‘பொதுமக்கள் நலன் கருதி’ என்று தொடங்குகிற வாசகத்துக்கு நான் இருந்த இருக்கையில் யாரும் மதிப்புக் கொடுத்ததில்லை. மன்றம் திட்டவட்டமாக ‘இன்னும் பத்து வருஷத்துக்கு இந்தப் பாதி மாறாது’ என்று அறிவித்தால் விலை இறங்கி தொழில் வருமா என்பதும் நிச்சயமில்லை. அடுத்த தேர்தலில் மன்றம் மாறும் என்று நிலக்காரருக்குத் தெரியும். ஆனாலும் சாலையை அகலப்படுத்தி, ஒரு மின் இணைப்புக்கு வழி செய்துவிட்டுச் சொன்னால் அந்த அறிவிப்புக்கு எடை கூடும்.

எந்தப் பக்கம் சரி என்று கேட்டீர்கள். பார்க்காமல் ஒரு பக்கம் சாய வேண்டும் என்றால், உங்கள் பகுதியில் சிறு பட்டறைகளுக்கு இடத் தேவை இருப்பதால், மெயின் ரோட்டுப் பக்கத்துப் பாதியை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பேன். மறுபாதியைப் பற்றி எனக்குப் பிடிவாதம் இல்லை. அந்த நிலக்காரர்களிடம் வந்து போனவர்களின் பட்டியலும், தண்ணீர் எண்ணும், புலப்படமும் வந்த பிறகு என் கருத்து மாறலாம். தீர்மானம் அடுத்த கூட்டத்தில் பொருளாக வருகிறது என்றால், ‘ஒத்திவைத்து, கள ஆய்வுக்குப் பிறகு முடிவு செய்யப்படும்’ என்று ஒரு கவுன்சிலரை எழுந்து சொல்லச் சொல்லுங்கள். கள ஆய்வை வடகிழக்குப் பருவமழை பெய்த மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள், ஓடை எங்கே ஓடியது என்று கேட்க வேண்டியிருக்காது.